மூன்று கார்ட் போதாது: பழைய கன்ட்ரி பாட்டைக் கிடாரில் வாசிக்க

பழைய கன்ட்ரி பாட்டை, அதாவது அமெரிக்க நாட்டுப்புறத்திலிருந்து வளர்ந்த பாட்டை, வாசிக்க உட்காருபவர்களின் இடது கை ஒரு மாதத்தில் தேறிவிடும். ஜி, சி, டி என்று மூன்று கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடிக்க வந்துவிட்டால் ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். வலது கை தேறுவதற்குத்தான் நாளாகும். கார்ட் எல்லாம் சரியாக விழுந்தும் பாட்டு உயிரில்லாமல் கிடப்பது வலது கையால்தான். பாடலாசிரியர் ஹார்லன் ஹவர்ட் கன்ட்ரி இசையை மூன்று கார்டும் உண்மையும் என்று சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அழகான பேச்சுதான். ஆனால் அதை நம்பி மூன்று கார்டோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர். கட்டைவிரல் எந்தக் கம்பியில் எப்போது விழுகிறது, பாடுபவர் ஒரு சொல்லை எவ்வளவு தள்ளி வைக்கிறார், எந்த இடத்தில் யாரும் வாசிக்காமல் இருக்கிறார்கள் என்பதில்தான் இந்தப் பாடல்களின் சுவை இருக்கிறது.

இங்கே பழைய கன்ட்ரி என்பது ஏறக்குறைய 1927 முதல் 1980 வரை. 1927 கோடையில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊரில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் ஒலிப்பதிவு நடத்தினார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலில் பதிவானது அங்கேதான். இந்தப் பக்கத்து எல்லையாக ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-இல் பாடிய ‘ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே’ பாட்டை வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஹாங்க் வில்லியம்ஸ், ஜானி கேஷ், பேட்ஸி கிளைன், ஜிம் ரீவ்ஸ், லொரெட்டா லின், மெர்ல் ஹாகர்ட், டாலி பார்ட்டன் என்று ஒரு பெரும் வரிசை.

கிடார் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடார் வேண்டும், முடிந்தால் டிரெட்நாட் என்று சொல்லப்படும் பெரிய உடல் கொண்டது. நைலான் கம்பி போட்ட கிடாரில் பேஸ், அதாவது தடித்த கம்பிகளின் கீழ் ஒலி, மழுங்கிப்போகும், ‘டிக்’ என்று வெட்டவும் வெட்டாது. கம்பி செட் 0.012 அங்குலத்தில் தொடங்குவது பொருத்தம். விரல் வலிக்கிறது என்று 0.010 செட்டுக்குப் போனால் ஆறாவது கம்பி தொளதொளவென்று ஆடும், அதன் மேல் கட்டைவிரலோ பிக்கோ (கம்பியை மீட்டும் சிறு தகடு) உறுதியாக விழாது. பிக் 0.75 முதல் 1 மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கலாம். மெல்லிய பிக், கம்பிகளைச் சேர்த்து வருடி ஸ்ட்ரம் செய்யும்போது இனிமையாக இருக்கும், தனிக் கம்பியைத் தட்டும்போது மடங்கிவிடும். கடற்கரை ஊர்களில் வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். துருவேறிய கம்பியில் சுருதி நிற்காது.

இனி வலது கை. ஆங்கிலத்தில் ‘பூம்-சிக்’ என்பார்கள். நான்கு அடி கொண்ட ஒரு சுற்றில் முதல் அடிக்கு கார்டின் மூல ஸ்வரம், இரண்டாவது அடிக்கு லேசான ஸ்ட்ரம், மூன்றாவதுக்கு வேறொரு பேஸ் ஸ்வரம், நான்காவதுக்கு மறுபடி ஸ்ட்ரம். மெல்லிய கம்பி ஒன்று, தடித்தது ஆறு என்ற கணக்கில் சொல்கிறேன். ஜி கார்டில் முதலில் ஆறாவது கம்பி, பிறகு நான்காவது. டி கார்டில் முதலில் நான்காவது, பிறகு ஐந்தாவது. ஏ கார்டில் ஐந்து, பிறகு ஆறு. ஈ கார்டில் ஆறு, பிறகு ஐந்து. இவற்றில் எல்லாம் இரண்டாவது பேஸ் அந்தக் கார்டின் பஞ்சமம். ஸ, ப, ஸ, ப என்று தம்புரா போலப் போய்வருவதால்தான் பாடுபவருக்குச் சுருதி கைவிடாமல் நிற்கிறது.

சி கார்டிலும் பி7 கார்டிலும்தான் சிக்கல். சி-யில் மூல ஸ்வரம் ஐந்தாவது கம்பியின் மூன்றாவது பிரெட்டில் (பிரெட் என்பது கிடார்க் கழுத்தின் குறுக்கே பதித்த கட்டை) மோதிர விரலடியில் இருக்கிறது. பஞ்சமம் ஆறாவது கம்பியின் மூன்றாவது பிரெட்டில். மூன்றாவது அடி வரும் சமயம் மோதிர விரலை மட்டும் ஐந்திலிருந்து ஆறுக்குத் தாண்ட வைத்து, அடுத்த முதல் அடிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பி7-இல் இதே வேலையை நடுவிரல் செய்யும், இரண்டாவது பிரெட்டில் ஐந்திலிருந்து ஆறுக்கு. இது பழகும்வரை இரண்டாவது பேஸாக நான்காவது கம்பியைத் தட்டிச் சமாளிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த விரல் தாண்டல் வந்த நாளிலிருந்து பாட்டின் நடையே மாறிவிடும்.

இதில் எல்லோரும் செய்யும் பிழை, இரண்டாவது, நான்காவது அடியில் ஆறு கம்பியையும் இழுத்து அடிப்பது. அந்த ஸ்ட்ரம் மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் தொட்டால் போதும். மணிக்கட்டு அசைந்தால் போதும், முழங்கை வேண்டாம். ஸ்ட்ரம் விழுந்த உடனே இடது கை விரல்களைச் சற்றுத் தளர்த்திக் கம்பியின் அதிர்வைக் கொன்றுவிட வேண்டும். அப்போதுதான் அது டிரம் வாசிப்பது போல வெட்டுப்படும். அடுத்த பிழை, பேஸைவிட ஸ்ட்ரம் சத்தமாக இருப்பது. கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டால் உடனே தெரிந்துவிடும்: பேஸ் கேட்கவில்லை என்றால் கை கனமாக விழுகிறது என்று பொருள்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 45-இல் வைத்து, அந்தத் தட்டல்களை இரண்டாவது, நான்காவது அடியாக எண்ணிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். பாட்டின் வேகம் 90 ஆகும். முதல் அடியைக் கருவி சொல்லித்தராது, நீங்களேதான் வைக்க வேண்டும். முதல் நாள் தலைகீழாகப் போகும். ஒரு வாரத்தில் ஸ்ட்ரம் தானாகவே உரிய இடத்தில் உட்கார்ந்துவிடும்.

முதல் பாட்டாக ஹாங்க் வில்லியம்ஸின் ‘ஜாம்பலாயா’ எடுங்கள். 1952-இல் வந்தது. சி, ஜி7 என்று இரண்டே கார்ட். இடது கைக்கு வேலை இல்லாததால் முழுக் கவனமும் கட்டைவிரலுக்குப் போகும்.

பூம்-சிக் கைவந்த பிறகு பேஸ் ஓட்டம். ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் படியேறிப் போவது அது. ஜி-யிலிருந்து சி-க்கு: ஜி கார்டின் கடைசிச் சுற்றில் முதல் அடிக்கு ஆறாவது கம்பி மூன்றாவது பிரெட், இரண்டாவது அடிக்கு ஸ்ட்ரம், மூன்றாவது அடிக்கு ஐந்தாவது கம்பி திறந்த நிலை, நான்காவது அடிக்கு ஐந்தாவது கம்பி இரண்டாவது பிரெட். அடுத்த சுற்றின் முதல் அடியில் ஐந்தாவது கம்பி மூன்றாவது பிரெட், அதுதான் சி. டி-யிலிருந்து ஜி-க்குத் திரும்ப: முதல் அடிக்கு நான்காவது கம்பி திறந்த நிலை, பிறகு ஸ்ட்ரம், மூன்றாவது அடிக்கு ஆறாவது கம்பி திறந்த நிலை, நான்காவதுக்கு அதன் இரண்டாவது பிரெட், அடுத்த முதல் அடிக்கு மூன்றாவது பிரெட். இரண்டிலும் நான்காவது அடியில் ஸ்ட்ரம் கிடையாது. அதையும் சேர்க்கப் போய்த்தான் பலருக்குத் தாளம் அரை அடி நீண்டுவிடுகிறது. இன்னொன்று, எல்லா மாற்றத்துக்கும் ஓட்டம் போடாதீர்கள். வரி முடியும் இடத்தில் ஒன்று போதும். பாடகர் சொல் சொல்லிக்கொண்டிருக்கும்போது பேஸ் படியேறினால் கேட்பவர் காது அங்கே போய்விடும், கதை நழுவிவிடும்.

மூன்றடித் தாளப் பாட்டுகளை, அதாவது வால்ட்ஸ் நடையை, தமிழ்க் காதுக்குத் திஸ்ரம் என்று சொன்னால் போதும். பேஸ், ஸ்ட்ரம், ஸ்ட்ரம். அடுத்த சுற்றில் மாற்று பேஸ், ஸ்ட்ரம், ஸ்ட்ரம். ஹாங்க் வில்லியம்ஸ் 1949-இல் பதிவு செய்த ‘ஐ’ம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரை’ இதற்கு நல்ல பாடம். பல்லவி கிடையாது. நான்கே சரணம், ஒவ்வொன்றிலும் நான்கு வரி. ஈ, ஏ, பி7 கார்டுகளில் வாசிக்கலாம், ஏ-க்குப் போவதற்கு முன் ஈ7 தொட்டுக்கொண்டு. இதில் இரண்டாவது, மூன்றாவது அடிகளை ஒரே கனத்தில் அடித்தால் ராட்டினம் சுற்றுவது போல ஆகிவிடும். மூன்றாவது அடியைக் கிட்டத்தட்டக் கேட்காத அளவுக்குக் குறையுங்கள். அந்த இடைவெளியில்தான் பாட்டின் தனிமை வந்து உட்காரும்.

கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் செய்தது இதற்கு நேர் எதிர்த் திசை. அவர் மெட்டையே தடித்த கம்பிகளில் கட்டைவிரலால் வாசித்துக்கொண்டு, தாளத்தை ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பிகளில் வருடினார். ஒரே கிடார் இரண்டு கிடார் போலக் கேட்டது. 1928-இல் பதிவான ‘வைல்டுவுட் ஃப்ளவர்’ இதன் பாலபாடம். சி கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்டின் ஸ்வரங்கள் ஐந்து, நான்கு, மூன்றாவது கம்பிகளிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். முதல் அடிக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி ஒரு ஸ்வரம். இரண்டாவது அடிக்கு ஆள்காட்டி விரல் நகத்தின் முதுகால் மெல்லிய கம்பிகளைக் கீழ்நோக்கி வருடி, அதே அடிக்குள் மேல்நோக்கித் திரும்பும். மூன்றும் நான்கும் இதேபோல். கட்டைவிரலில் தம்ப் பிக் மாட்டினால் மெட்டு எழுந்து நிற்கும், மாட்டாவிட்டால் வருடல் அதை மூழ்கடிக்கும். பழகும்போது முதலில் வருடலை விட்டுவிட்டு, மெட்டை மட்டும் கட்டைவிரலால் பத்துத் தடவை வாசியுங்கள். மெட்டு மனத்தில் ஊறாமல் வருடலைச் சேர்த்தால் கை எங்கே போகிறது என்றே தெரியாது.

கார்ட்டர் குடும்பப் பதிவுகளோடு சேர்ந்து வாசிக்க முயல்பவர்கள் திடீரென்று ஓர் அடி முன்னாலோ பின்னாலோ போய்விடுவார்கள். பிழை உங்களுடையதல்ல. அவர்கள் ஒரு வரிக்கு இத்தனை அட்சரம் என்று கணக்குப் பார்க்கவில்லை. மூச்சு முடியும் இடத்தில் வரி முடியும். சில வரி நீளும், சில குறுகும். சொற்களோடு சேர்ந்து பாடிக்கொண்டே வாசித்தால்தான் பிடிபடும், விரல்விட்டு எண்ணினால் பிடிபடாது. 1963-இல் வந்த ஜானி கேஷின் ‘ரிங் ஆஃப் ஃபயர்’ பாட்டிலும் சில வரிகளுக்குப் பின் கூடுதல் அடிகள் உண்டு. புதிய குழுக்கள் மேடையில் தடுமாறும் பாட்டு அது. டிரம் வாசிப்பவருக்கும் பாட்டின் சொற்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஜானி கேஷ் பேச்சு வந்ததால் அந்தக் காகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். மெம்ஃபிஸ் நகரத்தின் சன் ஸ்டூடியோவில் 1956-இல் ‘ஐ வாக் த லைன்’ பதிவானபோது டிரம் கிடையாது. மின்கிடாரில் லூதர் பெர்கின்ஸ், பேஸில் மார்ஷல் கிராண்ட், அக்கூஸ்டிக் கிடாரில் கேஷ். கேஷ் தன் கிடார்க் கம்பிகளுக்கிடையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு ஸ்ட்ரம் செய்தார், அது ஸ்நேர் டிரம் போலக் கேட்டது. வீட்டில் செய்து பார்க்க, ஒரு தாளை நீளவாக்கில் மடித்து இரண்டு சென்டிமீட்டர் அகல நாடாவாக்கி, ஒரு கம்பிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று பின்னலாகக் கோத்து, பன்னிரண்டாவது பிரெட்டைத் தாண்டிய இடத்தில் விடுங்கள். இடது கைக்கும் வலது கைக்கும் இடைஞ்சல் இருக்காது. வழவழப்பான பத்திரிகைத் தாள் வழுக்கும், சாதாரண வெள்ளைத் தாள் நன்றாக நிற்கும். மூன்று நான்கு பாட்டுக்குள் தாள் கிழிந்து ஒலி மாறும், மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டில் சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிறது. கிடாரில் வழக்கமாக ஈ, ஏ, டி, மறுபடி ஏ, கடைசியில் ஈ என்று வாசிப்பார்கள். முதல் சரணத்தின் சொற்களே கடைசியில் திரும்ப வரும், ஆனால் முழு ஸ்தாயி கீழே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் கேஷ் வாயை மூடிக்கொண்டு ஒரு ஸ்வரத்தை முனகுவார், அது அடுத்த சரணத்தின் ஆதார சுருதி. நீங்களும் அப்படியே செய்யுங்கள், அது அலங்காரத்துக்காகச் சேர்த்தது இல்லை. முனகாமல் நேராகச் சரணத்துக்குள் குதித்தால் பலருக்கும் முதல் சொல் சுருதி விலகிவிடும். லூதர் பெர்கின்ஸின் வாசிப்புக்கு, வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பிரிட்ஜ் (கிடாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல், கம்பி தொடங்கும் விளிம்பில் வையுங்கள். அரைச் சென்டிமீட்டர் உள்ளே நகர்ந்தாலும் ஒலி செத்துப்போகும், வெளியே நகர்ந்தால் திறந்துகொள்ளும். எக்கோ சேர்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு திரும்பல், 100 முதல் 140 மில்லிசெகண்டுக்குள்.

கார்ட்களை எண்ணால் சொல்லும் வழக்கம் நாஷ்வில் நகரத்தில் 1950-களின் கடைசியில் தொடங்கியது. ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மாத்யூஸ் ஏற்படுத்தினார், சார்லி மெக்காய் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களிடம் பரப்பினார். சுருதி எதுவானாலும் அதன் ஸட்ஜ கார்ட் 1, மத்யம கார்ட் 4, பஞ்சம கார்ட் 5. பாடகருக்குச் சுருதி ஒத்துவரவில்லை என்றால் தாளை மாற்றி எழுத வேண்டாம். ஸரிகம தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான பாட்டுகள் சங்கராபரணத்தின் ஸ்வரங்களிலேயே நடக்கும். காதைத் திருப்பும் இடங்கள் அதற்கு வெளியே போகும் இடங்கள்தான், அங்கேதான் தவறான கார்டும் பிடிக்கிறார்கள்.

ஹாங்க் வில்லியம்ஸின் ‘யுவர் சீட்டின் ஹார்ட்’ பாட்டைச் சி சுருதியில் வாசிக்கும்போது நடுப்பகுதியில் எஃப், சி, டி7, ஜி7 என்று வரும். சங்கராபரணக் கணக்குப்படி இரண்டாவது கார்ட் டி மைனராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துச் சிலர் டி மைனர் பிடிப்பார்கள். பாட்டு ஓடும், ஆனால் சப்பென்று இருக்கும். டி7-க்குள் எஃப் ஷார்ப் இருக்கிறது, அது சி சுருதிக்குப் பிரதி மத்யமம். ஒரு கணம் கல்யாணி எட்டிப் பார்த்துவிட்டுப் போவது போல. முதல் பகுதியில் எஃப் கார்டுக்கு முன் வரும் சி7-இல் கைசிகி நிஷாதம் வருகிறது. ஜான் டென்வரின் ‘கன்ட்ரி ரோட்ஸ்’ (1971) பாட்டை ஜி கார்ட்களில் வாசிக்கும்போது நடுவில் ஓர் எஃப் கார்ட் தலைகாட்டுமே, அதிலும் அதே கைசிகி நிஷாதம். அந்த எஃப்-ஐ விட்டுவிட்டு சி-யிலேயே ஓட்டிவிடுபவர்கள் பாட்டின் மிக அழகான இடத்தைத் தாண்டிப்போகிறார்கள். ‘கன்ட்ரி ரோட்ஸ்’ ஒலித்தட்டில் ஏ சுருதி: கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் பிடிப்பான கேப்போவை இரண்டாவது பிரெட்டில் மாட்டி ஜி கார்ட்களைப் பிடித்தால் சேர்ந்து வாசிக்கலாம். டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ (1973) சி ஷார்ப் மைனர்: கேப்போ நான்காவது பிரெட், ஏ மைனர், சி, ஜி. கேப்போவைப் பிரெட்டை ஒட்டி, அதற்கு நேர் பின்னால் மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். மாட்டிய பின் ஒருமுறை டியூன் பார்ப்பது அவசியம்.

ஒலித்தட்டில் உள்ள சுருதியிலேயே பாட வேண்டும் என்ற பிடிவாதம் கூடாது. கேஷும் ஜிம் ரீவ்ஸும் இறங்கும் ஆழத்துக்குப் பெரும்பாலோரின் தொண்டை போகாது. பாட்டின் ஆகக் கீழான ஸ்வரம் எது என்று கண்டுபிடித்து, அதைச் சொல் தெளிவாகக் கேட்கும்படி உங்களால் எங்கே பாட முடிகிறதோ அங்கே சுருதியை வையுங்கள். மேல் ஸ்வரத்தைப் பார்த்துச் சுருதி வைத்தால் இந்தப் பாடல்களில் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் கதையின் முக்கியமான சொல் அடிக்கடி வரியின் கடைசியில், கீழேதான் விழுகிறது.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு. அமெரிக்கர்கள் ‘ஹார்ட்’ என்று சொல்லும்போது அந்த ‘ர்’ நம் ரகரம் இல்லை, நாக்கு எங்கும் தட்டாது. நாக்கை மேலே மடித்து எதையும் தொடாமல் விடும் நம் ழகரத்துக்கு அது மிகப் பக்கத்தில் இருக்கிறது. ‘ஹாழ்ட்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், ‘ஹார்ட்’ என்று நாக்கை உதறுவதைவிட எவ்வளவு நெருங்கி வருகிறது என்று தெரியும். ழகரத்தைச் சுத்தமாகச் சொல்பவருக்கு இந்தப் பாட்டில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நமக்குக் கடினமானது ‘ப’, ‘ட’, ‘க’. ஆங்கிலச் சொல்லின் முதலில் இவை வரும்போது மூச்சு வெடித்து வெளியே வரும், தமிழில் வராது. உதட்டுக்கு முன்னால் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் மெல்லிய தாளைத் தொங்கவிட்டு ‘பேப்பர்’ என்று சொல்லுங்கள். முதல் ‘பே’-க்குத் தாள் அசைய வேண்டும். அசையாவிட்டால் கேட்பவருக்கு அது ‘பேபி’ சொல்லின் முதல் எழுத்தைப் போல விழும். தென்மாநிலத்தார் ‘மை’ என்பதை ‘மா’ என்று நீட்டுவதைப் பார்த்து எல்லாச் சொல்லையும் அப்படி வளைக்க வேண்டாம். உச்சரிப்பைத் தெளிவாக வைத்துக்கொண்டு உங்கள் சொந்தக் குரலில் பாடினாலே போதும்.

கர்நாடக இசை பயின்றவர்கள் இரண்டு பழக்கங்களைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். ஒன்று கமகம். ஹாங்க் வில்லியம்ஸ் ஒரு வரியில் ஓரிடத்தில் மட்டும் ஸ்வரத்தை வளைப்பார், மற்றவை நேராக நிற்கும். ஜார்ஜ் ஜோன்ஸ் அதிகமாக வளைப்பார், ஆனால் அது சொல்லின் உயிரெழுத்துக்குள் நடக்கும், மெட்டை அலங்கரிக்க அல்ல. இரண்டாவது, மார்புக் குரலுக்கும் தலைக் குரலுக்கும் நடுவிலுள்ள உடைப்பு. அது தெரியாமல் இழைக்கத்தான் வருடக்கணக்கில் சாதகம் செய்கிறோம். ஜிம்மி ராட்ஜர்ஸின் யோடலில், அதாவது குரலைப் புரட்டிப் புரட்டிப் பாடுவதில், அந்த உடைப்பைத்தான் வெளியே காட்ட வேண்டும். ‘ஓ’ என்று மார்பில் ஒரு ஸ்வரம் பிடித்து, மேலே பஞ்சமத்துக்கோ தைவதத்துக்கோ ‘ஈ’ என்று திடீரென்று தாவுங்கள். குரல் ‘டக்’ என்று புரள வேண்டும், இழுத்துக்கொண்டு ஏறக் கூடாது. சத்தம் கூட்டினால் உடைப்பு வராது, தொண்டைதான் புண்ணாகும். பாதிச் சத்தத்தில், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பேட்ஸி கிளைனின் ‘கிரேஸி’ (1961) இந்த வரிசையில் வேறு ஜாதி. வில்லி நெல்சன் எழுதியது, தயாரிப்பு ஓவன் பிராட்லி. சி சுருதியில் வைத்தால் தொடக்கமே சி, ஏ7, டி மைனர், ஜி7. மூன்று கார்ட்காரர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். கார்டைவிடக் கடினம் சொல் விழும் இடம். தாளம் போய்க்கொண்டே இருக்க, பேட்ஸி ஒவ்வொரு சொல்லையும் ஓர் இழை தாமதமாக வைக்கிறார். அந்த ஆண்டு ஜூனில் கார் விபத்தில் சிக்கியிருந்தார், விலா எலும்பு வலியால் உயர்ந்த ஸ்வரங்களை முதலில் பாட முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துவிட்டு, பிறகு ஒரு நாள் வந்து பாடிக்கொடுத்தார். இதைப் பழக, கார்டை வேறொருவர் வாசிக்கட்டும், அல்லது உங்கள் வாசிப்பையே பதிவு செய்து ஓடவிடுங்கள். கையும் வாயும் ஒரே ஆளுடையதாக இருந்தால் வாய் தாமதிக்கும்போது கையும் தாமதித்துவிடும். அப்போது கேட்பது தாமதமான பாடல் இல்லை, தளர்ந்த தாளம்.

இலங்கையிலும் இந்தியாவிலும் கன்ட்ரி என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜிம் ரீவ்ஸ்தான். அவருடைய கிறிஸ்துமஸ் பாடல்கள் டிசம்பரில் இன்னும் வீடுகளில் ஒலிக்கின்றன. அவர் தொடக்கத்தில் உரத்த குரலில்தான் பாடிக்கொண்டிருந்தார். 1957-இல் ‘ஃபோர் வால்ஸ்’ பாட்டுக்கு, செட் அட்கின்ஸின் தயாரிப்பில், குரலைத் தாழ்த்தி, உதடு ஏறக்குறைய மைக்கைத் தொடும்படி நின்று பாடினார். 1959-இல் பதிவான ‘ஹீ’ல் ஹாவ் டு கோ’ அதே வழி. ஒருவன் தொலைபேசியில் பேசும் பாட்டு அது, உரக்கப் பாடினால் பாட்டே பொய்யாகிவிடும். இதை வீட்டில் செய்ய, சாதாரண மேடை மைக்கை மூன்று நான்கு சென்டிமீட்டரில் வையுங்கள். இந்த வகை மைக்குகள் நெருங்க நெருங்கக் கீழ் ஒலியைத் தாமே கூட்டிக் கொடுக்கும், குரல் தடித்துக் கேட்கும். மிக்ஸரில் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் உறுமல் போகும், கனம் போகாது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னப் பக்கம் சற்றுத் திருப்பி வைத்தால் ‘ப’ வெடிப்பு அதன் மேல் படாது. பாடும்போது தலையை ஆட்டாதீர்கள். இவ்வளவு நெருக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் குரலின் நிறம் மாறிவிடும்.

கூட வாசிப்பவர்களுக்கு ஒன்று. பாடகர் வாயைத் திறந்திருக்கும்போது யாரும் மெட்டு வாசிக்கக் கூடாது. வரிக்கும் வரிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், அதுவும் ஒரு சரணத்துக்கு ஒரே ஒரு வாத்தியம். முதல் சரணத்தில் ஸ்டீல் கிடார் (கிடத்தி வைத்து இரும்புத் துண்டால் வழுக்கி வாசிப்பது) என்றால் இரண்டாவதில் ஃபிடில். ஸ்டீல் கிடார் இல்லாதவர்கள் அந்த அழுகையைச் சாதாரண மின்கிடாரில் கொண்டுவரலாம். சி கார்ட் ஓடும்போது இரண்டாவது கம்பியின் எட்டாவது பிரெட்டைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கம்பியின் ஏழாவது பிரெட்டை மோதிர விரலால் ஒரு முழு ஸ்வரம் மேலே தள்ளுங்கள், நடுவிரல் பின்னாலிருந்து தாங்கட்டும். ரிஷபம் காந்தாரமாக ஏறும், மேலே பஞ்சமம் அசையாமல் நிற்கும். 1954-இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் ஸ்டீல் கிடாரின் பெடலை மிதித்துக் கேட்கவைத்தது இப்படி ஒரு ஸ்வரம் நிற்க இன்னொன்று நகரும் ஒலிதான். அக்கூஸ்டிக்கில் மூன்றாவது கம்பி சுற்றுக் கம்பி, அவ்வளவு வளையாது. வளைக்கப் போனால் பாதியில் நின்று அபஸ்வரமாகும். அங்கே ஏழிலிருந்து ஒன்பதாவது பிரெட்டுக்கு வழுக்கிப் போங்கள்.

பதிவுகளை வாங்கும்போதும் தேடும்போதும் ஆண்டையும் நிறுவனத்தையும் பாருங்கள். இந்தப் பாடகர்கள் பலர் பின்னாளில் வேறு நிறுவனங்களுக்காகத் தங்கள் பாடல்களையே மறுபடி பாடிக்கொடுத்திருக்கிறார்கள், படத்தையும் பெயரையும் பார்த்து ஏமாந்துபோகலாம். ஹாங்க் வில்லியம்ஸின் புகழ்பெற்ற பதிவுகள் எம்ஜிஎம். கேஷ் 1958 வரை சன், பிறகு கொலம்பியா. ஹாகர்டின் 1960-களின் பெரும்பாலான பாடல்கள் கேப்பிட்டல். பேட்ஸி கிளைனின் மலிவான தொகுப்புகளில் பெரும்பாலும் அவர் 1960-க்கு முன் ஃபோர் ஸ்டார் ஒப்பந்தத்தில் பாடியவை இருக்கும். ‘கிரேஸி’ வேண்டும் என்றால் டெக்கா என்று பாருங்கள். ஜிம் ரீவ்ஸ் 1964 ஜூலை 31-இல் விமான விபத்தில் இறந்த பிறகு அவருடைய குரலுக்குப் புதிய வாத்தியங்கள் சேர்த்துப் பல இசைத்தட்டுகள் வந்தன. 1966-இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ அப்படி வந்ததுதான். 1981-இல் வெளியான அவருடைய, பேட்ஸி கிளைனுடைய ஜோடிப் பாட்டும் இரண்டு தனிப் பதிவுகளை இணைத்துச் செய்தது. கேட்க இனிமையானவைதான். ஆனால் அவருடைய மைக் தூரத்தையும் சொல் விழும் நேரத்தையும் காதால் அளந்து கற்க, 1957-க்கும் 1964-க்கும் இடையில் அவர் உயிரோடிருக்கும்போது வெளிவந்த ஆர்சிஏ விக்டர் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.